நாள்பட்ட இடுப்பு வலிக்கு ட்ரை நீடிலிங்: குத்தினால் குறையுமா?

கேள்வி சுருக்கமாக இதுதான். வயது 44, உட்கார்ந்தே பார்க்கும் வேலை, இரண்டு வருடமாக இடுப்பு வலி. எம்.ஆர்.ஐ.யில் எல்4-எல்5 இடத்தில் (கீழ் முதுகின் நான்காவது, ஐந்தாவது முள்ளெலும்புகளுக்கு நடுவே) டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருக்கிறது. காலுக்கு இறங்கும் வலியோ மரத்துப்போவதோ இல்லை. பிசியோ முதுகை அழுத்திப் பார்த்துவிட்டு, "தசையில் முடிச்சு இருக்கிறது, பத்து தடவை ட்ரை நீடிலிங் செய்தால் அவிழ்ந்துவிடும்" என்று சொல்லி, பத்துக்கும் சேர்த்து முன்பணம் கேட்கிறார். இது பலன் தருமா, இது அக்குபங்சரேதானா, நரம்பில் குத்திவிட மாட்டார்களா, தினமும் குறைந்த அளவு ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர் செய்துகொள்ளலாமா?

நானும் பிசியோதெரபிஸ்ட்தான். இந்த ஊசியை நானும் எடுக்கிறேன். அதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

முதலில் நேரடிப் பதில். வலி ஓரளவு குறைய நல்ல வாய்ப்பு உண்டு. அந்தக் குறைவு பெரும்பாலும் சில நாட்கள், போனால் சில வாரங்கள் நிற்கும். பத்துத் தடவைக்கு முன்பணம் கட்ட வேண்டாம். "முடிச்சு அவிழும்" என்ற விளக்கத்தை அப்படியே எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். ஊசி உதவுகிறது என்பது ஒன்று. ஏன் உதவுகிறது என்று சொல்லப்படும் கதை இன்னொன்று. முதலாவதில் எனக்கு ஓரளவு நம்பிக்கை இருக்கிறது. இரண்டாவதில் நம்பிக்கை வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வருகிறது.

சரி, என்னதான் செய்கிறார்கள்? உள்ளே போவது அக்குபங்சர்காரர்கள் பயன்படுத்தும் அதே மெல்லிய ஊசி. மருந்து ஏற்றும் ஊசியைப் போல நடுவே துளை கிடையாது. தடிமன் பெரும்பாலும் 0.25 அல்லது 0.30 மில்லிமீட்டர். நீளம் இடத்தைப் பொறுத்தது. முதுகுத்தண்டை ஒட்டிய தசைக்கு ஒரு நீளம், புட்டத்தின் ஆழமான தசைக்கு அதைவிட நீளமான ஊசி. எந்த மருந்தும் ஏற்றுவதில்லை, பெயரில் 'ட்ரை' இருப்பது அதனால்தான். குப்புறவோ ஒருக்களித்தோ படுக்க வைப்பார்கள். விரலால் தேடித் தேடி அழுத்துவார்கள். ஓர் இடத்தில் அழுத்தும்போது "ஆமா, இதேதான் என் வலி" என்று நீங்களே சொல்வீர்கள். அங்கே சிறு குழாய் ஒன்றை வைத்து, அதன் வழியாக ஊசியைத் தட்டி உள்ளே இறக்கி, தசைக்குள் கொஞ்சம் மேலும் கீழுமாக நகர்த்துவார்கள். அப்போது தசை சில சமயம் வெடுக்கென்று தானாகத் துடிக்கும். உங்களால் அதைத் தடுக்க முடியாது; தண்டுவடம் வழியாக நடக்கும் அனிச்சைச் செயல் அது. முதல் தடவை பலரும் அதற்குத்தான் மிரளுவார்கள். ஊசி தோலில் நுழைவது அவ்வளவாகத் தெரியாது, தசைக்குள் ஒரு கனமான குடைச்சல்தான் தெரியும்.

இடுப்பு வலிக்கு வழக்கமாகக் குறிவைப்பது முதுகுத்தண்டின் இருபுறமும் ஓடும் நீளத் தசைகள், அவற்றுக்கு அடியில் முள்ளெலும்புகளை ஒட்டியிருக்கும் மல்டிஃபிடஸ், கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே இருக்கும் குவாட்ரேடஸ் லம்போரம், அப்புறம் புட்டத்துத் தசைகள். புட்டத்தை ஏன் குத்துகிறார் என்று பயப்பட வேண்டாம். புட்டத்துத் தசைகளில் ஒன்றான குளூட்டியஸ் மீடியஸிலிருந்து வரும் வலியை இடுப்பு வலி என்றே பலர் உணர்கிறார்கள்.

அக்குபங்சர்தானா என்ற கேள்விக்கு: ஊசி அதுவே, எங்கே குத்துவது என்று முடிவு செய்யும் தர்க்கம் வேறு. அங்கே உடலில் சக்தி ஓடுவதாகச் சொல்லப்படும் மெரிடியன் பாதைகளும் அவற்றில் குறித்த புள்ளிகளும். இங்கே தசை, நரம்பு, தொட்டால் வலிக்கும் இடம். இது யாருடைய தொழில் என்று இரண்டு தரப்புக்கும் பல நாடுகளில் சண்டை நடக்கிறது, நீதிமன்றம் வரை போயிருக்கிறது. உங்கள் இடுப்புக்கு அந்தச் சண்டை தெரியாது. ஆய்வு முடிவுகளைப் பார்த்தாலும் இரண்டுக்கும் இடையே கிடைக்கும் பலனில் சொல்லிக்கொள்ளும்படி பெரிய இடைவெளி இல்லை என்பதே என் கணிப்பு.

இந்த முடிச்சுக் கதை எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் பிசியோ சொல்வதை எடைபோடச் சுலபமாக இருக்கும். அமெரிக்க மருத்துவர் ஜேனட் டிராவெல் 1940களிலிருந்தே தசையில் உள்ள 'ட்ரிகர் பாயிண்ட்' (பிசியோ முடிச்சு என்று சொல்வது இதைத்தான்) பற்றி எழுதிவந்தார். பின்னாளில், 1983-ல், டேவிட் சைமன்ஸோடு சேர்ந்து அவர் வெளியிட்ட கையேட்டில் எந்தத் தசைப் புள்ளி எங்கே வலியை அனுப்பும் என்று படம் படமாக வரைந்திருக்கும். இன்றும் பல பிசியோ கிளினிக் சுவர்களில் தொங்குவது அந்த வகைப் படங்கள்தான். அவருடைய மிகப் பிரபலமான நோயாளி ஜான் எஃப். கென்னடி. கென்னடியின் முதுகுக்கு அவர் போட்டது வெறும் ஊசி அல்ல, புரோக்கெய்ன் என்ற மரத்துப்போகச் செய்யும் மருந்து. 1961-ல் அவர் வெள்ளை மாளிகை மருத்துவராகவே ஆனார். ஆனால் அதே வருடம் கடைசியில், ஊசியை மட்டும் நம்பினால் ஆகாது என்று மற்ற மருத்துவர்கள் வற்புறுத்தி, ஹான்ஸ் க்ராஸ் என்பவரை வரவழைத்தார்கள். அவர் கென்னடியை வாரத்தில் பல நாள் முறையான உடற்பயிற்சியில் இறக்கிவிட்டார். நிலைமை நன்றாகவே தேறியது. ஒரே ஒருவருடைய கதை, அதிலும் அட்ரினல் சுரப்பிக் கோளாறும் பல முதுகு அறுவைகளும் இருந்த ஒருவருடைய கதை. ஆதாரம் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் ஊசியா உடற்பயிற்சியா என்று யாராவது என்னிடம் வாதாடும்போதெல்லாம் இது நினைவுக்கு வந்துவிடுகிறது.

மருந்து போடாமல் ஊசியை மட்டும் குத்தினாலும் வலி அடங்குகிறதே என்பதை அழுத்தமாக எழுதியவர் செக் நாட்டு மருத்துவர் காரெல் லெவிட். 1979-ல் வெளிவந்த அவருடைய கட்டுரையில் 241 நோயாளிகளின் 312 வலியிடங்கள் இருந்தன; 86.8 சதவீதத்தில் உடனடியாக வலி அடங்கியது என்று எழுதினார். இந்த எண்ணை விளம்பரங்களில் இன்றும் பார்க்கலாம். 'உடனடியாக' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஊசி போடாத குழு எதுவும் அதில் இல்லை. அடுத்த வருடம் கனடாவில் சான் கன் குழுவினர் நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 56 ஆண்களைச் சீட்டுக் குலுக்கியது போல் இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு வழக்கமான சிகிச்சை, இன்னொரு குழுவுக்கு அதோடு ஊசி என்று கொடுத்துப் பார்த்தார்கள். ஊசிக் குழு சுமார் ஆறு மாதம் கழித்தும் தெளிவாக மேலாக இருந்தது. நல்ல முடிவுதான். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க, ஊசி போட்டது போலவே தோன்றும் போலி ஊசி பெற்ற குழு இல்லாததால், ஊசியின் வேலை எவ்வளவு, "எனக்குக் கூடுதலாக ஒன்று செய்கிறார்கள்" என்ற எண்ணத்தின் வேலை எவ்வளவு என்று அதிலிருந்து பிரிக்க முடியாது. 2001-ல் வந்த ஒரு தொகுப்பாய்வு (பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடுவது), ட்ரிகர் பாயிண்டில் எந்த மருந்தை ஏற்றினாலும் ஏற்றாவிட்டாலும் பலன் ஏறக்குறைய ஒன்றே என்று சொன்னது. அது மருந்து ஊசியை விற்றவர்களுக்கு வருத்தம், வெறும் ஊசிக்காரர்களுக்குக் கொண்டாட்டம். இரண்டுமே வெறும் எதிர்பார்ப்பால் வேலை செய்கின்றனவோ என்ற மூன்றாவது சாத்தியத்தை மட்டும் கொண்டாடியவர்கள் பேசவில்லை.

முடிச்சு என்ற ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா? தொட்டால் வலிக்கும், இறுகினாற்போல் உணரும் இடங்கள் இருக்கின்றன. அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஜே ஷா என்பவரின் குழு 2005-ல் மிக நுண்ணிய ஊசிக் குழாயால் அந்த இடத்துத் திரவத்தை எடுத்துப் பார்த்து, வலியைத் தூண்டும் பொருட்கள் அங்கே கூடுதலாக இருப்பதாகவும், தசை துடித்த பிறகு அவற்றில் சில குறைவதாகவும் காட்டியது. ஆனால் ஆய்வில் இருந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே. எதிர்ப்பக்கத்தில், ஒரே நோயாளியை இரண்டு தேர்ந்த பிசியோக்களிடம் தனித்தனியாக அனுப்பினால் முடிச்சு எங்கே என்பதில் பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை. 2015-ல் குவின்ட்னர், போவ், கோஹன் மூவரும் எழுதிய விமர்சனம் இந்தக் கோட்பாட்டையே நிராகரித்தது. வலி தசையில் தோன்றவில்லை, நரம்பு மண்டலத்தின் உணர்திறன் கூடியதால் அந்த இடம் வலிக்கிறது என்பது அவர்களுடைய மாற்று விளக்கம். நாள்பட்ட வலியைப் பொறுத்தவரை நான் அந்தப் பக்கம்தான் சாய்கிறேன். இரண்டு வருட வலி என்றால் தசை இரண்டு வருடமாகக் கட்டிப்போய்க் கிடக்கிறது என்று பொருள் அல்ல. எச்சரிக்கை கொடுக்கும் அமைப்பு கூர்மையாகிவிட்டது, அவ்வளவுதான்.

அப்படியென்றால் ஊசி எப்படி உதவுகிறது? ஒரே காரணம் கிடையாது. ஒரு புதிய, கூர்மையான உணர்வு தண்டுவடத்துக்குள் நுழையும்போது பழைய வலிச் செய்தி பின்தள்ளப்படுகிறது. மெல்சாக், வால் இருவரும் 1965-ல் முன்வைத்த கதவுக் கோட்பாடு இந்த வழியில்தான் யோசித்தது. உடல் தானே சுரக்கும் எண்டார்ஃபின் போன்ற பொருட்களுக்கும் பங்கு உண்டு. அப்புறம், நம்பிக்கையுள்ள ஒருவர் அரைமணி நேரம் உங்கள் முதுகில் கவனம் செலுத்துவது. இதைக் கேவலமாகச் சொல்லவில்லை. எதிர்பார்ப்பால் குறையும் வலியும் உடலுக்குள் நிஜமான ரசாயன மாற்றத்தால்தான் குறைகிறது. ஆனால் அந்தப் பகுதியைப் பெறுவதற்கு ஊசி மட்டும்தான் வழி என்று இல்லை.

எண்களுக்கு வருவோம். ட்ரை நீடிலிங்கை மட்டும் வைத்து இடுப்பு வலிக்கு நடந்த சோதனைகள் பெரும்பாலும் சிறியவை. 2018-ல் வந்த ஒரு தொகுப்பாய்வு 11 சோதனைகளைச் சேர்த்தும் மொத்தம் 802 பேர்தான் தேறினார்கள். சிகிச்சை முடிந்த கையோடு பார்த்தால் வலி குறைவு தெரிந்தது. பிந்திய காலத்தில் அது நிற்கிறதா என்பது தெளிவாகவில்லை. பெரிய எண்கள் வேண்டுமென்றால் அக்குபங்சர் சோதனைகளிடம்தான் போக வேண்டும். 2007-ல் ஜெர்மனியில் 1,162 பேரிடம் நடந்த சோதனையில், ஆறு மாதம் கழித்துத் தேறியவர்கள் உண்மையான அக்குபங்சரில் 47.6 சதவீதம், புள்ளிகளைத் தவிர்த்து மேலோட்டமாகக் குத்திய போலி அக்குபங்சரில் 44.2 சதவீதம், மாத்திரையும் உடற்பயிற்சியும் சேர்ந்த வழக்கமான சிகிச்சையில் 27.4 சதவீதம். இந்த மூன்று எண்ணையும் வைத்துக்கொண்டு யார் வேண்டுமானாலும் வெற்றி கொண்டாடலாம். ஊசி வழக்கமான சிகிச்சையை விட மேல் என்று ஒருவர் சொல்வார். எங்கே குத்தினாலும் ஒன்றுதான் என்று இன்னொருவர் சொல்வார். இரண்டுமே சரி.

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2020-ல் வெளியிட்ட தொகுப்பு 33 ஆய்வுகள், 8,270 பேர் என்று இதையே விரித்துப் பார்த்தது. நூறு புள்ளி அளவுகோலில், எந்தச் சிகிச்சையும் இல்லாதவர்களை விட ஊசி போட்டவர்களுக்கு வலி சுமார் 20 புள்ளி குறைவு. போலி ஊசியோடு ஒப்பிட்டால் சுமார் 9 புள்ளி மட்டுமே. நோயாளிக்கே வித்தியாசம் தெரிய 15 புள்ளியாவது வேண்டும் என்று அவர்கள் வைத்திருந்ததால், அந்த 9-ஐப் பெரிதாக எடுக்கவில்லை.

வழிகாட்டுதல்கள் முரண்படுவதும் இதனால்தான். பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு 2016-ல் இடுப்பு வலிக்கு அக்குபங்சர் வேண்டாம் என்றது. போலியை வெல்லாத ஒன்றுக்குப் பணம் எதற்கு என்ற கணக்கு. அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர்கள் சங்கம் 2017-ல் அதை மருந்தில்லா வழிகளில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. உலக சுகாதார அமைப்பு 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில், அக்குபங்சரோடு ட்ரை நீடிலிங் வகைகளையும் சேர்த்து, நிபந்தனையோடு பரிந்துரைத்தது. அதே ஆவணம் இடுப்புப் பெல்ட், முதுகை இழுத்துப் பிடிக்கும் டிராக்‌ஷன், அல்ட்ராசவுண்ட், தோல் வழியே லேசான மின்சாரம் செலுத்தும் டென்ஸ் கருவி ஆகியவற்றை வழக்கமாகத் தர வேண்டாம் என்கிறது. நிறைய கிளினிக்குகளில் இந்த நான்கும்தான் முதல் நாளே ஆரம்பிக்கும் என்பதை வருத்தத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

உடற்பயிற்சிக்கும் 2021-ல் ஒரு காக்ரேன் தொகுப்பு வந்தது: 249 சோதனைகள், சிகிச்சை இல்லாதவர்களை விட சுமார் 15 புள்ளி வலிக் குறைவு. "ஊசிக்கு 20, உடற்பயிற்சிக்கு 15, ஊசிதானே மேல்?" என்று கேட்கலாம். இரண்டு தொகுப்புகளும் வெவ்வேறு ஆட்களை, வெவ்வேறு காலத்தில் பார்த்தவை. இப்படி நேருக்கு நேர் நிறுத்தக் கூடாது. உடற்பயிற்சிக்குப் போலி வடிவம் செய்வதும் கஷ்டம், ஆகவே அந்த 15-லும் எதிர்பார்ப்பின் பங்கு இருக்கும். நான் உடற்பயிற்சியை முன்னால் வைப்பதற்குக் காரணம் புள்ளிக்கணக்கு அல்ல. அதை நீங்களே செய்யலாம், தூக்கம், சர்க்கரை, இதயம் எல்லாவற்றுக்கும் நல்லது, மறுபடி வலி வந்தால் யாரிடமும் ஓட வேண்டியதில்லை.

இனி உங்கள் விஷயம். டிஸ்க் பிதுக்கத்தை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம். வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வுகளைத் தொகுத்தபோது 20 வயதுக்காரர்களில் 30 சதவீதம் பேருக்கும், 80 வயதில் 84 சதவீதம் பேருக்கும் டிஸ்க் பிதுங்கியிருந்தது. அறிக்கையில் அந்த வரி இருப்பதாலேயே ஊசி வேண்டும் என்றோ கூடாது என்றோ ஆகாது.

முயற்சி செய்து பார்க்க விரும்பினால் மூன்று அல்லது நான்கு தடவை, அந்தந்தத் தடவைக்கு மட்டும் பணம். ஆரம்பிக்கும் முன் வலியால் செய்ய முடியாமல் இருக்கும் ஒன்றிரண்டு காரியங்களை எழுதி வையுங்கள்: ஒரு மணி நேரம் தொடர்ந்து உட்காருவது, குனிந்து ஷூ மாட்டுவது, மாடிப்படி ஏறுவது, எதுவானாலும் சரி. ஊசி முடிந்த அன்று வலி எவ்வளவு என்று பார்த்து முடிவெடுக்காதீர்கள், அது ஏமாற்றும். தவிரவும் மனிதர்கள் வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் சிகிச்சைக்குப் போவார்கள். உச்சத்துக்குப் பிறகு எதுவும் செய்யாவிட்டாலும் கொஞ்சம் இறங்கும். நான்காவது தடவைக்குள் அந்தக் காரியங்களில் அசைவு இல்லையென்றால் பத்தாவது தடவை வரை போவதில் அர்த்தம் இல்லை. அசைவு இருந்தாலும், வலி தணிந்திருக்கும் அந்த நாட்களில் நடை, குனிந்து நிமிரும் பயிற்சி, எடை தூக்கும் பயிற்சி என்று படிப்படியாக ஏற்றாவிட்டால் ஊசி கொடுத்தது வீணாகும். உடற்பயிற்சித் திட்டமே தராமல் ஊசியை மட்டும் பத்தாகக் கட்டி விற்கிறார் என்றால், அந்தப் பிசியோவைப் பற்றி நான் சொல்ல நினைப்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

யார் இதற்குப் பதிலாக நேரே மருத்துவரிடம் போக வேண்டும்? சிறுநீர், மலம் கட்டுப்பாடு மாறினாலோ தொடைகளின் நடுப்பகுதி மரத்துப்போனாலோ அன்றே அவசரப் பிரிவுக்கு. கால் பலம் குறைவது, காய்ச்சல், காரணமில்லாமல் எடை இறங்குவது, முன்பு புற்றுநோய் இருந்தது, விழுந்து அடிபட்டது இவற்றில் ஏதாவது இருந்தாலும் ஊசி காத்திருக்கட்டும். இளம் வயதிலேயே தொடங்கி, காலையில் அரைமணிக்கு மேல் விறைப்பு இருந்து, நடமாடினால் சரியாகும் வலி என்றால் அது மூட்டு அழற்சி வகையாக இருக்கலாம். தசை ஊசி அதற்கு மருந்தல்ல.

நரம்பில் குத்திவிடுமா என்றால், மெல்லிய ஊசி சிறு நரம்பைத் தொடுவது நடக்கும். மின்சாரம் பாய்ந்தாற்போல் சுருக்கென்று இருக்கும், உடனே சொல்லிவிட வேண்டும், அவர் ஊசியைப் பின்னுக்கு இழுப்பார். நிலையான நரம்புச் சேதம் மிக அரிது. அயர்லாந்தில் 39 பிசியோக்கள் செய்த 7,629 சிகிச்சைகளைப் பதிவு செய்த ஓர் ஆய்வு 2014-ல் வந்தது. அதில் சுமார் 19 சதவீதத்தில் சிறு தொந்தரவுகள்: கன்றிப்போதல், துளி ரத்தம், குத்தும்போதோ பிறகோ வலி. பெரிய விபரீதம் ஒன்றும் பதிவாகவில்லை. ஆனால் உலகில் நடக்கவே இல்லை என்று அர்த்தமில்லை. நுரையீரல் உறையில் ஊசி பட்டுக் காற்று புகுந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் இருக்கின்றன. இடுப்பு வலிதானே, நுரையீரல் எங்கே வந்தது என்று தோன்றும். நுரையீரல் உறை கடைசி விலா வரைக்கும் இறங்குகிறது, சிறுநீரகமும் பக்கத்திலேயே இருக்கிறது. அதனால் கடைசி விலாவை ஒட்டிய இடத்தில் ஆழமாகக் குத்துபவரிடம் முறையான பயிற்சி பெற்றிருக்கிறாரா என்று கேட்கத் தயங்காதீர்கள். ஊசி உறையை உங்கள் கண்முன் பிரிக்க வேண்டும், பயன்படுத்தியதை அப்படியே ஊசிக் குப்பைப் பெட்டியில் போட வேண்டும். சிகிச்சைக்குப் பின் மூச்சுத் திணறலோ மார்பு வலியோ வந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். மற்றபடி ஒன்றிரண்டு நாள் தசை நோவது சாதாரணம். ஊசியைக் கண்டாலே மயக்கம் வருபவராக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், படுக்க வைத்துத்தான் செய்வார்கள் என்றாலும்.

கடைசியாக ஆஸ்பிரின். குறைந்த அளவு ஆஸ்பிரின் இதற்குத் தடை இல்லை. கன்றிப்போவது கொஞ்சம் கூடலாம். ஊசிக்காக அதை நீங்களாக நிறுத்த வேண்டாம், எதற்காகச் சாப்பிடுகிறீர்களோ அது இந்த இடுப்பு வலியை விடப் பெரிய விஷயம். ஆஸ்பிரினோடு, ரத்தம் கட்டாமல் தடுக்கும் இன்னொரு மருந்தான க்ளோபிடோக்ரெல்லும் சேர்ந்திருந்தாலோ, வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து இருந்தாலோ கணக்கு மாறும். ஆழமான தசைகளில் ரத்தம் கசிந்தால் வெளியிலிருந்து அழுத்தி நிறுத்த முடியாது. அந்த நிலையில் உங்கள் மருத்துவரைக் கேட்காமல் படுக்கையில் ஏற வேண்டாம், பிசியோ "பரவாயில்லை" என்று சொன்னாலும்.